கோர்ட் என்னதான் சொன்னது?

காவாந்தண்டலம்,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

கீர்த்தி அப்பாவுக்கு, கோவிந்தம்மாள் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் எல்லையம்மனைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு முறை போனில் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். நிலத்துப் பேச்சை எடுத்தாலே, "வுடுமே, தொலையட்டும்" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா? உத்திரமேரூர் அப்துல் ஜப்பார் பாய் மகன் ஜாசிம் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே ஒரு ஜெராக்ஸ் தாளும் இருக்கும். கடிதத்தை முதலில் படியுங்கள்.

பாதை இல்லாத நிலத்தை வேறு யார் வாங்குவார்கள், எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று, அந்தப் பாதையை அடைத்த ராஜாராமே ஆள் அனுப்பியதும், தூதரகத்தில் பவர் எழுதி அனுப்புகிறேன் என்று நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். "கோர்ட்டே அவுருக்குச் சொல்லிட்ச்சி. அதுக்கு மேல நாம இன்னா பண்ண முடியும்?" என்றீர்கள்.

அந்த வார்த்தை எனக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. கோர்ட் சொன்னது என்றால், என்ன சொன்னது? படித்தது யார்? நீங்கள் படிக்கவில்லை. நான் படிக்கவில்லை. ஊரில் ஒருவரும் படிக்கவில்லை. நம் நிலத்துக்குப் போகும் வண்டிப் பாதையில் கேட் போட்டுப் பூட்டிய அன்று ராஜாராம் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்தும் முத்திரையும் இருந்தன. பிறகு அதை லேமினேஷன் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதற்கே நாம் ஒன்பது வருஷம் ஒதுங்கி நின்றோம். டிராக்டர் போக வழி இல்லாமல், நாற்றுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றிப் போனோம். இடுப்பு விட்டுப்போனதும் நிலத்தைக் கரம்பாகப் போட்டோம். நீங்கள் விமானம் ஏறினீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போனேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே நான் பட்டதைக் கேட்டால் உங்கள் கோபம் வேறு பக்கம் திரும்பிவிடும்.

நகல் கொடுக்கிற இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கேஸ் நம்பர் என்ன என்று கேட்டார். நம்பர் தெரியாதுங்க, பேர் இருக்கிறது என்றேன். "பேர வெச்சிக்கினு நான் இன்னாமா பண்றது? உங்க வக்கீல இட்டுக்கினு வா" என்றார். நம் வக்கீல்தான் கொரோனாவில் போய்ச் சேர்ந்துவிட்டாரே. அதைச் சொன்னேன். "அப்ப வேற வக்கீல புடி" என்றார், கடையில் வேறு புடவை எடுக்கச் சொல்வது போல. வராந்தாவில் ஒரு தொடுதிரை மிஷின் நிற்கிறது. உங்கள் வழக்கின் விவரத்தை நீங்களே அறியலாம் என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. மிஷின் மேல் துணி போர்த்தியிருக்கிறது. பிளக்கையே காணோம்.

திரும்பும்போது உத்திரமேரூரில் இறங்கி, ஜாசிமின் அண்ணி மெஹர்பானு நடத்துகிற ஆன்லைன் சென்டருக்குப் போனேன். கோர்ட் வழக்கெல்லாம் இப்போது நெட்டில் வருகிறதாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். மெஹர்பானு உங்கள் பெயரை இங்கிலீஷில் அடித்தாள். வரவில்லை. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தாள். வீராசாமியை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் எழுதிவிட்டோம். கடைசியில், "அக்கா, கேஸ் போட்டவர் பேரச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

திரை நிறைய வந்தது. நம் வழக்கு மட்டும் இல்லை. சொக்கம்மாள் அக்கா மேல் ஒன்று. அவர்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர் மேல் ஒன்று. ஏரி மதகுப் பக்கத்துப் பங்காளிகள் மேல் ஒன்று. எல்லாம் ராஜாராம் போட்ட வழக்கு. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே இங்கிலீஷ் வார்த்தை. மெஹர்பானு அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாமே தள்ளுபடின்னு போட்டுகீதுக்கா" என்றாள்.

நெட்டில் வந்ததை நம்பி ஊரில் வாயைத் திறக்க முடியுமா? முத்திரைக்கு முத்திரைதான் பதில் சொல்ல வேண்டும். நம்பரை எழுதிக்கொண்டு மறுபடி அதே ஆளிடம் போனேன். இப்போது வேறு கேள்வி. "நீ இதுல பார்ட்டியா?" என் வீட்டுக்காரர் பிரதிவாதி என்றேன். "அப்ப அவர வரச் சொல்லு" என்றார். அவர் மஸ்கட்டில் இருக்கிறார் என்றேன். "வந்தப்புறம் வா" என்றார். செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. உங்கள் பெயரில் நடந்த வழக்கு. நம் நிலத்துக்குப் போகும் பாதை. அதைப் பற்றிக் கோர்ட் எழுதியதைப் பார்க்க, உங்கள் பெண்டாட்டிக்கு உரிமை இல்லையாம். ஆனால் ராஜாராம் அதைக் களத்தில் காயவைத்துக்கூடக் காட்டலாம்!

பஸ் ஸ்டாண்டுக்கு அழுதுகொண்டே வந்தேன் என்று நினைக்காதீர்கள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் நெருப்பாக இருந்தது. கீர்த்திதான், இலவச சட்ட உதவி மையம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே கேளம்மா என்றாள். அங்கே திவ்யா என்று ஒரு வக்கீல் பெண். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். கோர்ட் போட்ட உத்தரவை வழக்கில் இல்லாதவர்கள்கூட, எதற்கு வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுத்தால் நகல் வாங்கலாம், கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை என்றாள். மனுவையும் அவளே எழுதிக் கொடுத்தாள். வக்கீல் கையால் எழுதியது என்றதும் அதே ஆள் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். என் வாயால் கேட்டபோது அவருக்குக் காது ஏன் கேட்கவில்லை?

அப்புறமும் சும்மா இருந்தார்களா? வழக்குக் கட்டு கிடைக்கவில்லை என்றார்கள். பழைய கட்டெல்லாம் ரெக்கார்டு ரூமில் கலந்து கிடக்கிறது, தேடுகிறோம் என்றார்கள். தேடுகிற ஆள் லீவு என்றார்கள். போன தடவை எனக்கு வாய் அடங்கவில்லை. "ஒரு தாளக் காட்டி எங்க சோத்துல மண்ணப் போட்டாங்க. அந்தத் தாளு மட்டும் அவங்களுக்குக் கெடச்சிதே, எங்களுக்கு ஏன் கெடைக்கல?" என்று கேட்டேன். அங்கே நின்ற வக்கீல்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திவ்யா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். மேலே யாரிடம் சொன்னாளோ தெரியாது. அடுத்த வாரம் கட்டு கிடைத்துவிட்டது.

இதோ, நகலின் ஜெராக்ஸ் உங்கள் கையில் இருக்கிறது. தீர்ப்பு என்று பக்கம் பக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்று வரிதான், நாம் நாற்று சுமந்துகொண்டிருந்த வருஷத்துத் தேதியோடு. திவ்யா தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: வழக்கு அழைக்கப்பட்டது. வாதி இல்லை, பிரதிவாதியும் இல்லை. வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது.

கோர்ட் அவருக்குப் பாதை கொடுக்கவில்லை. நமக்கும் கொடுக்கவில்லை. எதுவுமே சொல்லவில்லை. அவர் லேமினேஷன் போட்டு வைத்திருப்பது, வழக்கு போட்ட புதிதில் வாங்கிய இடைக்காலத் தடை. வழக்கு முடியும்வரைதான் அதற்கு உயிர். வழக்கு தள்ளுபடி ஆனதும் அதுவும் செத்தது. கிராமத்து வரைபடத்தில் அந்த இடம் இன்றும் வண்டிப் பாதை என்றுதான் இருக்கிறது. ஒரு செத்த தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நம் மண்ணைப் பூட்டி வைத்திருக்கிறார். வழக்கை நடத்த அவருக்கு என்ன அவசியம்? தீர்ப்பு செய்ய வேண்டிய வேலையை நம் பயமே செய்துவிட்டதே. வாய்தாவுக்கு நீங்களும் போகவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறதே என்று உங்களைத் தடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை காலையில் திருப்புலிவனம் வெங்கடேசனின் டிராக்டரைக் கூட்டிக்கொண்டு பாதைக்குப் போனேன். அவர் முதலில் தயங்கினார். "கோர்ட் கேஸ் கீற எடமாச்சேமா" என்றார். கேஸ் இல்லை என்று நகலைக் காட்டினேன். கேட் முன்னால் வண்டி நின்றதும் ராஜாராமின் மகன் விஜய் பைக்கில் வந்துவிட்டான், கையில் அதே லேமினேஷன் தாளோடு. களத்தில் இருந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் சத்தம் போடவில்லை. "தம்பி, உன் தாளுல இன்னா போட்டுகீதுன்னு எல்லார் முன்னாலயும் படி. அப்புறம் நான் என் தாளப் படிக்கிறேன்" என்றேன்.

அவன் படிக்கவில்லை. என் நகலை வாங்கி ஒரு பார்வை பார்த்தான். முகத்தில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. "கேஸு தள்ளுபடியானது எங்களுக்குத் தெரியாதா? அதுக்கு இப்ப இன்னான்ற?" என்றான்.

எல்லோர் காதிலும் விழுந்தது. தெரியுமாம்! நாம் கரையைச் சுற்றி நாற்று சுமந்தபோது தெரியும். நீங்கள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியபோது, ராஜாராம் நம் வாசலில் நின்று நல்லபடியாகப் போய் வா என்று கை கொடுத்தாரே, அப்போதும் தெரியும். நிலத்தை எனக்கே கொடுங்கள் என்று ஆள் அனுப்பியபோதும் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

நான் பதில் சொல்வதற்குள் வெங்கடேசன் டிராக்டரை ஸ்டார்ட் செய்துவிட்டார். "சாவிய எடு, இல்லன்னா ஒதுங்கு" என்றார். கூட்டத்தில் ஒருவரும் விஜய்க்காகப் பேசவில்லை. அவனே சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். "மறுபடியும் கேஸ் போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். "போடு. இந்த வாட்டி வாய்தா வாய்தாவுக்கு நான் வருவேன்" என்றேன். அன்று மாலைக்குள் நம் நிலம் முழுக்க ஒரு சால் உழவு ஓடிவிட்டது. கருவேலஞ்செடியின் வேர் மட்டும் இன்னும் கிடக்கிறது.

ஒரு விஷயத்தைத்தான் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை. நேற்று சொக்கம்மாள் அக்கா வந்திருந்தார். அவர் மேல் போட்ட வழக்கும் தள்ளுபடிதான் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். "எனக்கும் அந்தத் தாள எடுத்துக் குடுக்கிறியா?" என்று கேட்டார். அவர் நிலத்தைத்தான் ராஜாராமுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாரே. இப்போது கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறார். இனிமேல் அந்தத் தாள் எதற்கு அக்கா என்று கேட்கத் துணியவில்லை. "சும்மா வெச்சிக்கலாம்னுதான்" என்று அவரே சொன்னார். திங்கட்கிழமை அவரைத் திவ்யாவிடம் கூட்டிப்போகிறேன். அந்த ஆள் மறுபடி நம்பர் கேட்கட்டும், பார்ட்டியா என்று கேட்கட்டும், எனக்கு இப்போது பதில் தெரியும்.

பவரில் கையெழுத்துப் போடாதீர்கள். இது உங்கள் நிலம், உங்கள் இஷ்டம் என்று இதுவரை சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். அடுத்த வழக்கு வந்தாலும் வரட்டும். ஊரில் உங்களைப் பற்றிக் கேஸில் தோற்றவர் என்று பேசினார்களே, அந்தப் பேச்சும் வெள்ளிக்கிழமையோடு போனது. நீங்கள் எவரிடமும் தோற்கவில்லை. அதை அந்தக் கண்காணாத ஊரில் உட்கார்ந்துகொண்டு தனியாகப் படிக்கிறீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

கீர்த்தி நன்றாகப் படிக்கிறாள். ஏரியில் தண்ணீர் இருக்கிறது. புரட்டாசி மழைக்கு முன் நாற்று விட வேண்டும். விதை எடுத்து வைத்துவிட்டேன், வரப்பு வெட்ட ஆள் சொல்லவில்லை. அதை நீங்கள் வந்து வெட்டினால்தான் அளவு சரியாக இருக்கும். எல்லையம்மன் உங்களை நோய்நொடி இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். இதற்குப் பதில் கடிதம் வேண்டாம். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வழக்கைப் படித்துவிட்ட
கோவிந்தம்மாள்.