டிராக்டர் கொட்டிலுக்கு அடுப்படி

ஒக்டோபர் 14, செவ்வாய்

இவர் தன்ரை தமையனோடை சேந்து, பிளேனிலை போற தூரத்திலை இருக்கிற சஸ்கச்சுவானிலை வாங்கின காணியிலை ஒரு இரும்புக் கட்டிடம் போடப்போறார். டிராக்டர் விடத்தானாம். நானும் நம்பித்தான் இருந்தன்.

இண்டைக்குக் கோயிலிலை ஐயர் என்னைக் கண்டிட்டு, "தங்கச்சி, அத்திவாரத்துக்கு நாள் பாத்து வைச்சிருக்கிறன். அடுப்படி தென்கிழக்கு மூலையிலை வரட்டும் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ" எண்டார். எனக்குச் சிரிப்பு. "டிராக்டர் சமைக்குமோ ஐயா?" எண்டு கேட்டன். அவர் மணியைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டார்.

பின்னேரம் இவர் வேலையாலை வர, தேத்தண்ணியைக் குடுத்துக்கொண்டு, "என்னப்பா, உங்கடை டிராக்டருக்குப் புட்டோ இடியப்பமோ விருப்பம்?" எண்டன். நான் பகிடி விட்டா வயிறு குலுங்கச் சிரிக்கிற மனுசன், இண்டைக்குச் சிரிக்கேல்லை. ஒரு மிடறு குடிச்சிட்டு மெல்லமா, "அந்தக் கட்டிடச் சுவருக்குள்ளை நல்லாப் பஞ்சு அடைச்சா குளிரே தெரியாது. ஆக்கள் வீடாவும் போடுகினம்" எண்டார்.

ஆர் அந்த ஆக்கள்? அப்ப நாங்கள் இருக்கிற இந்த மல்வேர்ன் வீட்டை என்ன செய்யப்போறார்? மகள் இஞ்சை, என்ரை வேலை இஞ்சை. அங்கை கண்ணுக்கெட்டின தூரம் வயல்தானாம்.

நான் வாயைத் திறக்க முந்தி, "சும்மா ஒரு கதைக்குக் கேக்கிறன், யன்னல் எந்தப் பக்கம் இருந்தா நல்லம்?" எண்டார்.

"கிழக்கை" எண்டிட்டன்.

மனுசன் அப்பத்தான் சிரிச்சார். நான் அங்கை குடியிருக்க வாறன் எண்டு சொன்னதா எடுத்திட்டாரோ?