ஆட்சேபணை எதுவும் வரவில்லை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சுகம், என்னைத் தவிர. உன் துறைமுக ஆபீஸ்காரங்க எங்க தெருவுல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. கன்டெய்னர் லாரி போக ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம். என் பட்டறை முழுசா ரோட்டுக்குள்ள போயிடுது. ஆட்சேபணை இருந்தா முப்பது நாளுக்குள்ள ஆபீஸுக்கு எழுதணுமாம். கீழே பார்த்தா 'திட்ட அலுவலர்'னு உன் கையெழுத்து! சிரிப்பு வந்துடுச்சு. சொந்த அக்கா இருக்கும்போது ஆபீஸுக்கு என்ன எழுதுறது? இதுதான் என் ஆட்சேபணை, வாங்கிக்கோ. உங்க கப்பல் பம்பெல்லாம் பழுது பார்க்கிறதே நாங்கதானே. கை வேலையில நிக்கல அக்கா. ஒரே போல்ட்டை மூணு தடவை முறுக்கினேன்.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பி,

லூசு மாதிரி பதறாதே. துறைமுகம் வளர்ந்தா சுத்தியிருக்கிற ஊரெல்லாம் வளரும். குளிர்பதனக் கிடங்கு வந்த பிறகுதான் நம்ம பக்கத்துப் பழம் அழுகாம கப்பல் ஏறுது. அதுக்கு அறிக்கை எழுதினவ நான்தான், தெரியுமில்ல? உனக்கு வேற இடம் கிடைக்குமான்னு பார்க்கிறேன். மாத்திரையை மறக்காதே. பசங்களுக்கு முத்தம்.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

அதுக்கப்புறம் ஒரு வரி இல்லை. நேத்து அளக்க வந்தவங்க என் கதவுல சிவப்பு பெயிண்ட் அடிச்சாங்க. சண்டைக்குப் போனேன். "இந்தத் தெருவுல யாரும் ஆட்சேபணை தரலையே"ன்னு ஃபைலைக் காட்டுறாங்க. 'எதுவும் வரவில்லை'ன்னு எழுதி, உன் கையெழுத்து. அப்ப நான் எழுதினது என்ன, பொங்கி வழியுற பாசமா? பதில் சொல்லு.

தம்பி

ஏப்ரல் 14

தம்பி,

உன் கடிதம் என் அலமாரியில இருக்கு. வீட்டுக்கு வந்த கடிதத்துக்குப் பதிவு எண் கிடையாது. நானே கொண்டுபோய்க் கொடுத்தா, தம்பிக்காகத் திட்டத்தை நிறுத்தப் பார்த்தாள்னு சொல்வாங்களோன்னு பயம். 'ஆபீஸுக்கு எழுது'ன்னு உனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம், நாள் இருந்தது. எழுதலை. அந்த ரோடு வரணும்னு எனக்கு ஆசை. இந்த வட்டாரத்துக்கே வேலை கொடுக்கிற ரோடு அது. வெட்கமா இருக்குடா. எவ்வளவு வேணும்னாலும் திட்டு, ஆனா எழுது.

அக்கா

ஏப்ரல் 20

பெறுநர்: திட்ட அலுவலர், துறைமுக வட்டார அலுவலகம்

மதிப்பிற்குரிய அம்மா,

கெடு முடிந்துவிட்டது என்று தெரியும். ஆனாலும் மாற்று இடம் கேட்டு, உங்கள் அலுவலகப் படிவத்திலேயே ஆட்சேபணையை நிரப்பி இணைத்திருக்கிறேன். பதிவு எண் போட்டுக் கொடுக்கவும். எல்லாக் கட்டங்களையும் பூர்த்தி செய்துவிட்டேன். 'அலுவலகத்தில் உறவினர் யாரேனும் பணிபுரிகிறார்களா?' என்ற கேள்விக்கு, இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்