சங்கீத மந்திரியும் சோழகக் காற்றும்

10.02.1974, ஞாயிறு

இன்று முதல் இந்த முதியோர் மடத்தின் சங்கீத மந்திரி நான். பட்டம் சூட்டியவனும் நான், பதவிப் பிரமாணம் செய்துவைத்தவனும் நான், கைதட்டியவனும் நான். மருமகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த றேடியோவை மண்டபத்து அலுமாரியின் மேல் ஏற்றிவைத்தேன். சின்னப் பெட்டிதான். ஆனால் அதைத் திறந்த கணத்தில் குறிகட்டுவான் துறையில் நின்ற வள்ளங்கள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. மறுப்பவர் நேரில் வரலாம்.

13.02.1974

மந்திரி வேலை இலேசானது அல்ல. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற மடம், சைவமும் கிறிஸ்தவ வேதமும் கலந்த குடிகள். இலட்சுமிப்பிள்ளைக்குத் தேவாரம் வேண்டும். மீன்பிடிக் குடும்பத்து ஜசிந்தாவுக்குப் பைலாப் பாட்டு வேண்டும், இருந்த கதிரையிலேயே தோள் ஆடும். அவருடைய தமையன் வின்சன்ற் எதைப் போட்டாலும் நித்திரை. பக்கத்துக் கட்டில் ஆழ்வாப்பிள்ளைக்கு நாதஸ்வரம் ஒன்றே சங்கீதம், மிச்சம் எல்லாம் இரைச்சல். எதிரே கடலுக்குள் தெரிகிற நயினாதீவில் பிறந்த மனிதர். அறுபது வருடமாக அம்மன் திருவிழாவில் நாதஸ்வரக்காரருக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தவர். வாசிக்கிறவர்கள் இவருடைய முகத்தைப் பார்த்துத்தான் மூச்சு விடுவார்களாம். இதைச் சொன்னது அவர் அல்ல. நான்.

27.02.1974

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வந்த வேதக்காரரைக் கண்டு இலட்சுமிப்பிள்ளைக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. றேடியோவுக்குத் தவக்காலம். மந்திரி விடுமுறையில்.

14.04.1974

உயிர்த்த ஞாயிறும் ஆனந்த வருடமும் ஒரே நாளில் பிறந்தன. விடிய ஐந்து மணிக்கே றேடியோவைத் திறந்தேன். பற்றறி தட்டுப்பாடு, கடைகளில் பாணுக்கு நிற்கிற வரிசை பற்றறிக்கும் நிற்கிறது. பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்து உயிர்கொடுத்திருந்தேன். உயிர்த்த ஞாயிறல்லவா.

09.05.1974

மூலைக் கட்டிலில் கிடந்த இளையதம்பி போய்விட்டார். இலட்சுமிப்பிள்ளை உடனே சட்டம் போட்டார்: செத்தவீட்டில் பாட்டுப் போட்டால் தீவு முழுக்கக் காறித் துப்பும், முப்பத்தோராம் நாள் சடங்கு கழியும்வரை றேடியோ திறக்கக்கூடாது. வேதக்காரரும் ஓம் என்று தலையாட்டினார்கள். பெரிய சிஸ்ரரும் சரி என்றார். நானும் கைதூக்கினேன். பிறகுதான் யோசித்தேன். கிழடுகள் நிறைந்த வீட்டில் இப்படி ஒரு சட்டம்—றேடியோ எப்போது பாடப்போகிறது?

16.06.1974

றேடியோ திரும்பவும் பாடுகிறது. ஆழ்வாப்பிள்ளைதான் சரியில்லை. கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன, நாலு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறது. டாக்குத்தர் என்னைத் தனியே கூப்பிட்டு, ஆடியைக் காண மாட்டார் என்றார். ஆழ்வாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான். நயினாதீவுத் தேர்த் திருவிழாவை றேடியோவில் நேரடி அஞ்சல் செய்கிறார்களாமே, மெய்யோ?

மெய்தான் என்றேன். உமக்காகவே கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். சிரித்தார். இந்தக் கிழமை அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

28.06.1974

வின்சன்ற் போய்விட்டார். கதிரையில் இருந்தபடி, நித்திரையில். ஜசிந்தா அழவில்லை. தமையனின் சேட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார்.

தேர் வருகிற புதன்கிழமை.

01.07.1974

சட்டத்துக்குக் கைதூக்கியவன் நானே. ஜசிந்தாவிடம் போய்க் கேட்க வாய் வருமா? புதைத்த மண் காயவில்லை. ஆனால் மந்திரிக்குத் தந்திரம் இல்லாமலா? றேடியோவை ஆழ்வாப்பிள்ளையின் போர்வைக்குள் வைத்து, சத்தத்தை எறும்பின் இருமலளவுக்குக் குறைத்து—

சொல்லி முடிக்கவில்லை, ஆழ்வாப்பிள்ளை கையை ஆட்டி மறித்துவிட்டார்.

"வேண்டாம் காணும். அந்தப் பிள்ளை பக்கத்து அறையிலை கறுப்பு உடுத்துக்கொண்டு இருக்குது. நான் போர்வைக்குள்ளை கிடந்து நாயனம் கேக்கிறதே?"

'பிள்ளை' என்றது அறுபத்தெட்டு வயது ஜசிந்தாவை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரவுக் கஞ்சியையும் தொடவில்லை. என்னால் என்ன செய்ய ஏலும்? ஒன்றும் ஏலாது. மந்திரியாம் மந்திரி.

03.07.1974, புதன்

எழுதியே ஆகவேண்டும்.

காலையில் ஜசிந்தா எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். பின்னால் அவருடைய பெறாமக்கள், தங்கச்சியின் பெடியன்கள் இரண்டு பேர், செத்தவீட்டுக்கு வந்து இன்னும் திரும்பிப் போகாதவர்கள். போர்வைத் தந்திரத்தை ஆரோ கோள் சொல்லிவிட்டார்கள் என்று பயந்து எழும்பினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆழ்வாரண்ணை, சோழகக் காத்து நல்லாப் பிடிச்சிருக்கு. கரைக்குப் போனா நயினாதீவு கேக்கும். றேடியோதானே போடக்கூடாது. காத்தை ஆர் மூடுறது?"

ஆழ்வாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"உன்ரை வீட்டுத் துக்கமெல்லோ, பிள்ளை."

"ஓம். என்ரை துக்கம்தான். அதாலைதான் நான் கூப்பிடுறன்."

சாய்மனைக் கதிரையில் இருத்தி, பெடியன்கள் இரண்டு பேரும் தூக்கிப்போனார்கள். பெரிய சிஸ்ரர் ஓடிவந்தார். மறிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கையில் கம்பளி கொண்டுவந்திருந்தார். சட்டம் போட்ட இலட்சுமிப்பிள்ளையும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

கரையில் காற்று ஆளைச் சாய்த்தது. முதலில் ஒன்றுமில்லை, கடல் இரைச்சல்தான். பிறகு ஒரு நூல் மாதிரி வந்தது. தவிலா, அலையா? தவில்தான். அதற்கு மேல் நாயனம்.

ஆழ்வாப்பிள்ளையின் வலது கை தொடையில் விழுந்தது. எழும்பிற்று. விழுந்தது. அம்மன் தேருக்கு வெளிக்கிடுகிறா என்றார். ஜசிந்தா நிலத்தில் குந்தி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்போது காற்று விழுந்தது. ஒரேயடியாக. நாயனமும் இல்லை, தவிலும் இல்லை. நாங்கள் எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தோம். கண் மூடியிருந்தது. கை நிற்கவில்லை. ஒன்றுமே கேட்காத வெளியில் அந்த மனிதர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது, புத்தி தவறிவிட்டதோ என்று.

காற்று திரும்பி வந்தது. தவிலின் அடி எங்கள் காதில் விழுந்த அந்தக் கணத்தில் அவருடைய கையும் தொடையில் விழுந்தது. ஒன்றாக. மயிரளவும் பிசகவில்லை. அடுத்த அடியும். அதற்கடுத்ததும்.

ஜசிந்தா சிலுவை போட்டுக்கொண்டார். இலட்சுமிப்பிள்ளை கைகூப்பினார், நயினாதீவைப் பார்த்தா, அந்தக் கையைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது.

வள்ளம் திரும்பிப் பார்த்தது என்று எழுதியவன் நான். இன்றைக்கு ஒன்றையும் பெருப்பிக்க ஏலாமல் இருக்கிறது. நடந்ததே என் கைக்கு அடங்கவில்லை.

04.07.1974

ஆழ்வாப்பிள்ளை இரண்டு கோப்பை கஞ்சி குடித்தார். நேற்று வாசித்த ஆள் நடுவில் கொஞ்சம் தாளத்தை முந்தி ஓடப் பார்த்தான் என்று குறை சொன்னார்.

11.07.1974

விடியற்காலையில் ஆழ்வாப்பிள்ளை போய்விட்டார்.

19.07.1974, வெள்ளி

றேடியோ மூடியபடி கிடக்கிறது. ஒருவரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

வெயில் தாழ, கதிரைகள் ஒவ்வொன்றாகக் கரைக்குப் போயின. நான் சொல்லியல்ல. நயினாதீவில் திருவிழா முடிந்து இரண்டு கிழமை, அங்கே தவில் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போய் மேற்கே பார்த்து இருந்தார்கள். நானும் என் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் ஜசிந்தாவுக்குப் பக்கத்தில் போட்டேன்.

கறுப்புச் சீலையின் மேல் அவருடைய கை மெல்ல விழுவதும் எழும்புவதுமாக இருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"காத்து விழுந்து கிடக்கெல்லோ, அண்ணை. திரும்பி வரேக்கை பிசகக்கூடாது."