திரும்பி வந்த அட்டை

ராடோ,

முட்டைக்கோஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி. என் சாவியைக் காலணி அலமாரியில் வைத்துவிட்டேன்.

நேற்று அட்டை விளையாட்டில் உன் டிராகன் அட்டை மேசையை விட்டுப் போய்த் திரும்பியது. என் மந்திர அட்டை இன்னும் அதைக் கட்டிவைத்திருக்கிறது என்று சண்டை பிடித்தேன். "திரும்பி வந்தா அது புது அட்டை, இவெட்டா. பழசு எதுவும் ஒட்டிக்கிட்டு வராது. விதி அப்படி" என்றாய்.

வியன்னாவில் பல வருட வேலை முடிந்து நீ நம் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து எனக்குப் புரியாமல் இருந்தது அப்போது புரிந்தது.

விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் மேசையிலேயேதான் இருந்தேன், ராடோ. என்மேல் எல்லாம் அப்படியே ஒட்டியிருக்கிறது. அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

பி.கு.: சூப்பில் புளித்த பாலாடை கலக்கவில்லை. உனக்கு இப்போதும் அது பிடிக்குமா என்று தெரியவில்லை.