சத்து மாத்திரை

ஜூன் 3

என்னங்க,

போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கடை முகவரிக்கு எழுதுகிறேன். பாப்பாவின் முதுகுத் தையல் ஆறிவிட்டது. கால்கள்தான் அசையவில்லை. கருவிலேயே முதுகெலும்பு மூடாமல் போயிருக்கிறது. டாக்டரம்மா காரணம் தேடுகிறார். "மாசமா இருந்தப்போ என்ன மருந்தும்மா சாப்பிட்டே?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். "சத்து மாத்திரை மட்டும்" என்றேன். என் வலிப்பு மாத்திரைக்கு நீங்கள் வைத்த பெயர் நாக்கில் ஊறிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி

ஜூன் 9

என் வாயாடிக்கு,

கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சொல்லாதே. உனக்கு வலிப்பு என்று தெரிந்திருந்தால் அம்மா நம் கல்யாணத்துக்குச் சம்மதித்திருப்பாரா? சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப் போட்டுத் தந்தது உன்மேல் இருந்த ஆசையில்தான். இப்போது அவர், "அவ வம்சத்துலதான் கோளாறு" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும், காதில் வாங்காதே. நீ உண்மையைச் சொன்னால் பாப்பா எழுந்து நடந்துவிடுவாளா?

மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே. நீ விழுந்தால் அவளை யார் பார்ப்பது?

உன் கடைக்காரன்

ஜூன் 20

என்னங்க,

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஆபத்தைக் கூட்டுற மாத்திரைதான். முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாத்திரைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் விட்ட மீதியைத் தினமும் நான் சொல்லி முடிக்கிறேன்.

என் வாயால்தான் பொய் சொன்னேன். அதில் பாதிப் பாவம் என்னுடையது. ஆனால் என் அப்பாவும் அம்மாவும் என்ன செய்தார்கள், அவர்கள் வம்சத்தை இழுக்க? அத்தைக்கும் மாத்திரை விஷயம் முழுவதையும் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். இந்நேரம் படித்திருப்பார்.

இன்று பாப்பாவின் உள்ளங்காலில் ஊசியால் தொட்டுப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊசி பட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மாத்திரைப் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருக்குமாம். கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை அதிலேயே இருக்கிறதாம். பத்து வருஷமாக மருந்து விற்கிறீர்கள். அதைப் படித்திருந்தீர்களா?

பதில் போடாதீர்கள். படித்தேன் என்றாலும் படிக்கவில்லை என்றாலும், இனி அந்த வீட்டுக்கு என்னால் வர முடியாது.

பாப்பாவின் அம்மா