ரேடியோவில் வந்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஊராருக்கு அறிவிப்பது யாதெனில், தங்கள் திருமகன் ஆப்பிரிக்க ரேடியோவில் பேசிவிட்டான்! முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே அதிபர் தேர்தல். ஒரு வேட்பாளர் செலவில் எங்கள் ரிக் வண்டிக் குழு இந்தக் கிராமத்தில் போர்வெல் போட்டது. எல்லோரும் அவர் பேச்சைப் புகழ, இந்த ஊர் மரியம் அக்கா, "பேச்சைக் குடத்தில் பிடிக்க முடியுமா? தண்ணீர் வந்தால் ஓட்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு ரேடியோக்காரர் மைக்கை நீட்டினார். "தண்ணீர் தென்னை உயரம் பாய்கிறது" என்று தண்ணீர் வரும் முன்பே விளையாட்டாகச் சொன்னேன். விசாரிக்காமல் செய்தியில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் மரியம் அக்கா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கேன்களோடு வந்து நின்றார். குழியில் வெறும் புழுதி. துளை போடும் எங்கள் டிரில்லர் சென்னிமலை அண்ணன், "போ சாமி, நீயே சொல்லு" என்றார்.

பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். நான் பீற்றிக்கொண்டு அனுப்பிய ரேடியோப் பதிவைக் கேட்டு மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தீர்களாம், தங்கச்சி தனப்பிரியா சொன்னாள். இங்கே ஒரு சொட்டும் வரவில்லை அம்மா.

நவனீத்