தேரியில் கேட்ட குரல்

ஜனவரி 24, 1974. வியாழன்
சனிக்கிழமை குடியரசு தினம். இவருக்குத் துறைமுகத்தில் லீவு. பெரியதாழையில் நாத்தனார் வீட்டுக்குப் போய், பக்கத்துத் தேரிக்காட்டில் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போகலாம் என்கிறார். அந்தச் சிவந்த மணல்மேடுகளை எஸ்றா பார்த்ததே இல்லை. அவனுக்கு நாலு வயது, கிளாடிஸுக்கு ஒன்பது. புளிச்சோறு கட்ட வேண்டும்.

ஜனவரி 27, ஞாயிறு
நேற்று எழுதக் கை வரவில்லை.
காட்டில் எஸ்றா காணாமல் போனான். மூன்று மணி நேரம். பனையேறும் தளவாய் அண்ணாச்சி ஒரு கொல்லாமரத்தடியில் கண்டு தூக்கி வந்தார். "அழுது அழுது தொண்ட கட்டிட்டு. மொதல்ல தண்ணி குடுங்க" என்றார்.
பிள்ளை கைக்கு வந்த பிறகு இவர் கிளாடிஸை அறைந்தார். "தம்பியப் பாத்துக்கிடுன்னு சொன்னேம்லா? எங்கன பாத்துக்கிட்டு நின்ன?"
அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எஸ்றாவின் தலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு
எஸ்றா எல்லாவற்றையும் மறந்துவிட்டான். கிளாடிஸ்தான் இன்று கோயிலில் பூசை முடியும்வரை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன், அவன் கையில் விரல் தடம்.

பிப்ரவரி 11, திங்கள்
இன்றும் அந்தக் குரல். குழாயடியில் குடத்தை இடுப்பில் வைக்கும்போது, "அம்மா". திரும்பினால் யாருமில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்
எழுதிவிடுகிறேன்.
அன்று சாப்பிட்டதும் இவர் பனை நிழலில் தூங்கிப்போனார். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் மேட்டுக்கு அந்தப்பக்கம் தனியே போய் உட்கார்ந்தேன். எஸ்றா கூப்பிட்டான். கேட்டது. கிளாடிஸ் பார்த்துக்கொள்வாள் என்றிருந்தேன். மறுபடியும் கூப்பிட்டான். ஒரு அஞ்சு நிமிஷம் யாருக்கும் அம்மாவா இருக்க வேண்டாம்னு தோணிச்சு — அவ்வளவுதான். மூன்றாவது தடவை குரல் தூரத்தில் கேட்டது. அதன்பிறகு காற்றுதான்.
நான் ஏன் எழுந்திருக்கவில்லை?

பிப்ரவரி 27, விபூதிப் புதன்
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், "புள்ளகிட்ட சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 2, சனி
கிளாடிஸுக்குத் தலை பின்னும்போது சொன்னேன். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை.
"ஏளா, அன்னைக்கி தம்பி கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் எந்திரிக்கல."
"தெரியும்மா. நான் மேட்டுல நின்னு ஒன்னயப் பாத்தேன். நீ போவேன்னு நெனச்சேன்."
"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"
"ஒன்னய அடிப்பாவல்லா."
பின்னல் பாதியில் நின்றுபோனது. அவளே மீதியைப் பின்னிக்கொண்டாள்.
சாயங்காலம் இவர் வேலைவிட்டு வந்ததும், அவள் கேட்கும்படியே எல்லாவற்றையும் சொன்னேன். இவர் சட்டையைக் கழற்றாமல் நின்றார். கிளாடிஸ் மெல்ல வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.
அவள் அப்படி நிற்பதைப் பார்த்ததும் இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.